கோப்புகளுக்கு ஏசிஎல் அனுமதி கொடுப்பது: தாளில் தொடங்கிக் காப்புப் பிரதி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். மாலை நேரங்களில் தண்டையார்பேட்டையில் சிலருக்கு இந்த வேலையைச் சொல்லியும் தருகிறேன். ஏசிஎல் என்னும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலைக் கற்க வருபவர்கள் இடறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கட்டளைகளை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடுகிறார்கள். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசையில்தான் தவறுகிறார்கள். அதனால் வேலை நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணம்தான். சர்வரில் 'ஆவணங்கள்' என்ற கோப்பகம். அதற்குள் 'இறக்குமதி', 'கணக்குகள்', 'ரசீதுகள்' என்று மூன்று. உரிமையாளர் 'முதலாளி' என்ற பயனர், குழு 'அலுவலகம்'. உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அனைவரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். குழுவுக்கு வெளியே இருவர் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வந்து கணக்கு பார்க்கும் 'தணிக்கை' ஒருவர். துறைமுகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்து ரசீதுகளை ஸ்கேன் செய்து போடும் 'களம்' இன்னொருவர். உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று கட்டங்களில் இந்த இருவரையும் சரியாக உட்கார வைக்க முடியாது. குழுவில் சேர்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். சேர்க்காவிட்டால் எதுவும் தெரியாது. ஏசிஎல் தேவைப்படுவது இங்கேதான்.

எழுதும் முறை பற்றி ஒரு சொல். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். விசைப்பலகையில் உரிய ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். அனுமதியைப் பதியும் கட்டளை செட்ஃபேக்ல்: எஸ், ஈ, டி, எஃப், ஏ, சி, எல். இருக்கும் அனுமதியைக் காட்டும் கட்டளை கெட்ஃபேக்ல்: முதல் எழுத்து மட்டும் ஜி. அனுமதிகளை எண்ணாக எழுதுகிறேன். படிக்க 4, எழுத 2, இயக்க அல்லது கோப்பகத்துக்குள் நுழைய 1. வேண்டியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். செட்ஃபேக்ல் இந்த எண்களை அப்படியே ஏற்கும். கெட்ஃபேக்ல் மட்டும் ஆர், டபிள்யூ, எக்ஸ் என்று எழுத்தாகக் காட்டும்.

1. தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

கெட்ஃபேக்ல் என்று அடித்து, கட்டளை இல்லை என்று பதில் வந்தால் 'ஏசிஎல்' என்ற பெயரிலேயே உள்ள பொதியை நிறுவுங்கள். டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் எல்லாவற்றிலும் பெயர் அதுதான்.

அடுத்து, கோப்புகள் எந்தக் கோப்பு முறைமையில் இருக்கின்றன என்று பாருங்கள். ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றும் ஏசிஎல்லைத் தாங்கும். பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட், ஃபேட்32 தாங்காது. அங்கே செட்ஃபேக்ல் கொடுத்தால் இந்தச் செயலுக்கு ஆதரவில்லை என்ற பிழைதான் வரும்.

ஒரு கோப்பின் ஏசிஎல்லை மாற்ற அதன் உரிமையாளராகவோ ரூட் என்னும் முழு அதிகாரமுள்ள பயனராகவோ இருக்க வேண்டும். எழுதும் அனுமதி இருப்பதாலேயே மாற்றிவிட முடியாது. பலர் குழு உறுப்பினராக உள்ளே நுழைந்து முயன்று, அனுமதி இல்லை என்ற செய்தியைக் கண்டு குழம்புகிறார்கள்.

விண்டோஸ் கணினிகள் சாம்பா என்னும் கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக இந்தச் சர்வருக்கு வந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாம்பா அமைப்பில் 'ஃபோர்ஸ் யூசர்' என்ற வரி இருக்கிறதா? இருந்தால் யார் வந்தாலும் ஒரே பயனராகத்தான் கோப்பைத் தொடுவார்கள். ஆளுக்கொரு அனுமதி எழுதிப் பயனில்லை. முதலில் அந்த வரியை எடுக்க வேண்டும்.

2. முதலில் தாளில் எழுதுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். பக்கவாட்டில் ஆட்கள், மேலே கோப்பகங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். எங்கள் உதாரணத்தில் தணிக்கைக்குக் கணக்குகளில் 5, மற்ற இரண்டிலும் 0. களத்துக்கு ரசீதுகளில் 7, மற்றவற்றில் 0. குழுவுக்கு மூன்றிலும் 7.

இது வீண் வேலை என்று கற்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஏசிஎல் ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறது; எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக் காட்டும் பக்கம் என்று ஒன்று சர்வரில் கிடையாது. ஆறு மாதம் கழித்து 'தணிக்கைக்கு எதற்கெல்லாம் அனுமதி கொடுத்தோம்?' என்று கேட்டால் பதில் சொல்லப்போவது அந்தத் தாள்தான்.

ஒரே அனுமதி மூன்று பேருக்கு மேல் தேவைப்படுகிறது என்று கட்டத்தில் தெரிந்தால், ஆளுக்கொரு பதிவு போடாமல் புதிய குழுவை உருவாக்கி அந்தக் குழுவுக்கு ஒரே பதிவு போடுங்கள். ஆள் மாறும்போது குழுவில் பெயரை மாற்றினால் போதும். ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தொட வேண்டியதில்லை.

3. இன்றைய நிலையைப் பதிந்து வையுங்கள்

கெட்ஃபேக்ல் -ஆர் -பி /சர்வ்/ஆவணங்கள் > /ரூட்/அனுமதி-முன்பு

பாதையில் சர்வ் என்பது எஸ், ஆர், வி. தேர்வுகளில் ஆர் பெரிய எழுத்து. உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் போகச் சொல்கிறது. பி சிறிய எழுத்து, நேம்ஐ போன்ற சொற்களில் வராத, ஆங்கில அகரவரிசையில் ஓ-வுக்கு அடுத்து வரும் பி. பாதையின் முதல் சாய்கோட்டை வெட்டாமல் வைக்கச் சொல்கிறது. அதை விட்டால், திரும்ப நிறுவும்போது சரியான இடத்தில் நின்று கட்டளை கொடுக்க வேண்டும் என்ற தொல்லை வரும்.

இனி நீங்கள் எதைக் குழப்பினாலும், செட்ஃபேக்ல் --ரெஸ்டோர்=/ரூட்/அனுமதி-முன்பு என்று ரூட்டாகக் கொடுத்தால் அப்போது இருந்த கோப்புகள் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த ஒரு வரியைச் செய்யாமல் நான்காம் படிக்குப் போகாதீர்கள்.

4. வழியைத் திறங்கள்

'கோப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டேன், ஆனாலும் திறக்கவில்லை, அண்ணா' என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். கோப்பைத் திறக்க, அந்தக் கோப்பு வரையிலான ஒவ்வொரு கோப்பகத்திலும் நுழையும் அனுமதி, அதாவது 1, வேண்டும். வீட்டின் உள்ளறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசல் கதவைப் பூட்டி வைத்தால் என்ன பயன்?

பாதை முழுவதையும் ஒரே பார்வையில் காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. பெயர் நேம்ஐ, என், ஏ, எம், ஈ, ஐ என்று எழுத வேண்டும்.

நேம்ஐ -எல் /சர்வ்/ஆவணங்கள்/கணக்குகள்

மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோப்பகத்தின் அனுமதியும் வரும். இது ஏசிஎல் பதிவுகளைக் காட்டாது. ஆனால் எந்த இடத்தில் கதவு மூடியிருக்கக்கூடும் என்பதைக் காட்டிவிடும். எங்கள் 'ஆவணங்கள்' 2770 என்று அமைந்திருக்கிறது. முன்னால் உள்ள 2, உள்ளே பிறப்பவை அதே குழுவைப் பெறுவதற்கான குறி; அடுத்த மூன்று எண்கள் வரிசையாக உரிமையாளர், குழு, வெளியார். வெளியாருக்கு 0. ஆகவே இருவருக்கும் நுழைய மட்டும் அனுமதி கொடுக்கிறோம்.

செட்ஃபேக்ல் -எம் யு:தணிக்கை:1,யு:களம்:1 /சர்வ்/ஆவணங்கள்

5 கொடுக்காமல் 1 மட்டும் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 1 இருந்தால் கடந்து போகலாம். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் பார்க்க முடியாது. களம் நேராக ரசீதுகளுக்குப் போய்விடுவார். பக்கத்தில் கணக்குகள் என்று ஒன்று இருப்பதே அவர் கண்ணில் படாது.

பகிரும் கோப்புகளை யாருடைய ஹோம் கோப்பகத்துக்குள்ளும் வைக்காதீர்கள். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்பகம் 750 என்றே அமைகிறது; வெளியார் நுழைய முடியாது. ஒருவருடைய வீட்டு வாசலை அலுவலகத்துக்காகத் திறந்துவிடுவதைவிட, சர்வ் கோப்பகத்தின் கீழ் பொதுவான இடம் வைப்பது நல்லது.

5. கோப்பகத்துக்குப் பதிவு எழுதுங்கள்

செட்ஃபேக்ல் -எம் யு:தணிக்கை:5 /சர்வ்/ஆவணங்கள்/கணக்குகள்

செட்ஃபேக்ல் -எம் யு:களம்:7 /சர்வ்/ஆவணங்கள்/ரசீதுகள்

எம் என்பது இருக்கும் பட்டியலை மாற்று என்று பொருள். மற்ற பதிவுகள் அப்படியே இருக்கும். யு என்பது பயனர். குழுவுக்கென்றால் ஜி. இப்போது கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை எல்எஸ் -எல் என்று கொடுத்துப் பாருங்கள். அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரியும். இங்கே ஏசிஎல் இருக்கிறது, நான் காட்டுவது முழு உண்மையல்ல என்று எல்எஸ் சொல்லும் குறி அது. அதைப் பார்த்தவுடன் கெட்ஃபேக்ல் கொடுக்கும் பழக்கம் கைக்கு வர வேண்டும். கணக்குகளுக்குக் கொடுத்தால் வருவது, எண்ணில் எழுதினால், இப்படி இருக்கும்:

யூசர்:: 7
யூசர்:தணிக்கை: 5
குரூப்:: 7
மாஸ்க்:: 7
அதர்:: 0

பெயரில்லாத யூசர் உரிமையாளர். பெயரில்லாத குரூப் கோப்பின் சொந்தக் குழு. மாஸ்க் என்ற வரியை நீங்கள் எழுதவில்லை, தானாக வந்தது. அதைப் பற்றி அடுத்த படியில்.

ரசீதுகளில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கோப்பை அழிக்கும் உரிமை கோப்பின் அனுமதியில் இல்லை. அது இருக்கும் கோப்பகத்தின் எழுதும் அனுமதியில் இருக்கிறது. களத்துக்கு 7 கொடுத்ததால் மற்றவர்கள் போட்ட ரசீதுகளையும் அவரால் அழிக்க முடியும். அனுமதியை மாற்றும் வழக்கமான கட்டளையான சிஎச்மாட்டில் +டி (செட்ஃபேக்லின் மூன்றாம் எழுத்தான டி) என்று ஒட்டும் குறியை வைத்தால், கோப்பைப் போட்டவரும் கோப்பகத்தின் உரிமையாளரும் ரூட்டும் மட்டுமே அழிக்க முடியும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் கண்டெய்னர் லாரி வரிசையில் நிற்கும்போது ரசீதைக் காணவில்லை என்றால் அன்றைய நாளே வீணாகும். இதை மறக்காதீர்கள்.

6. மாஸ்க்: நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

மாஸ்க் ஓர் உச்சவரம்பு. பெயருள்ள பயனர்கள், பெயருள்ள குழுக்கள், கோப்பின் சொந்தக் குழு ஆகிய மூவகைப் பதிவுகளும் மாஸ்க்கைத் தாண்ட முடியாது. உரிமையாளரையும் மற்றவர்களையும் மாஸ்க் தொடாது. பதிவில் 7 இருந்து மாஸ்க் 5 என்றால் நடைமுறையில் கிடைப்பது 5. அப்படிக் குறையும் இடத்தில், உண்மையில் கிடைப்பது இவ்வளவுதான் என்று கெட்ஃபேக்ல் வரியின் ஓரத்தில் 'எஃபெக்டிவ்' என்று காட்டும். சிக்கல் என்று வந்தால் நான் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். ஏசிஎல் உள்ள கோப்பில் சிஎச்மாட் கொடுத்தால், நடுவில் உள்ள குழு எண் சொந்தக் குழுவின் பதிவுக்குப் போகாது, மாஸ்க்குக்குப் போகும். யாரோ பழக்கத்தில் சிஎச்மாட் 750 கொடுத்தால் மாஸ்க் 5 ஆகிவிடும். அலுவலகக் குழுவில் ஒருவராலும் எழுத முடியாது. 700 கொடுத்தால் மாஸ்க் 0; தணிக்கையும் குழுவும் ஒன்றாக வெளியே நிற்பார்கள். பதிவுகளோ ஒன்றும் குறையாமல் அங்கேயே இருக்கும். பதிவை மட்டும் பார்ப்பவருக்கு, எல்லாம் சரியாக இருந்தும் ஏன் திறக்கவில்லை என்றே புரியாது.

சில மென்பொருள்களும் இதைச் செய்கின்றன. கோப்பைச் சேமிக்கும்போது பழையதன் மேல் எழுதாமல், 600 என்ற அனுமதியில் புதிய கோப்பு ஒன்றை எழுதி அதைப் பழையதன் இடத்தில் வைக்கும். காலையில் திறந்த கோப்பு மாலையில் திறக்கவில்லை என்ற புகார் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த நேரத்துக்குச் சரிசெய்ய:

செட்ஃபேக்ல் -எம் எம்::6 கோப்பின்பெயர்

கோப்பகம் என்றால் 7. நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டும் என்றால் அந்த மென்பொருளின் அமைப்பில் போய் மாற்ற வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. அதை நான் செய்த தவறாகவே சொல்கிறேன். கணக்குகளுக்குள் சம்பளப் பட்டியல் ஒன்று இருந்தது. யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக அதை வைத்திருந்தவர் சிஎச்மாட் 600 கொடுத்து மூடியிருந்தார். மாஸ்க் 0 ஆனது. குழுவின் பதிவு அடியில் அப்படியே இருந்தது. பிறகு தணிக்கைக்காக நான் கோப்பகம் முழுவதற்கும் செட்ஃபேக்ல் -எம் கொடுத்தேன். செட்ஃபேக்ல் ஒவ்வொரு முறை பதிவை மாற்றும்போதும் மாஸ்க்கைப் புதிதாகக் கணக்கிடும். மாஸ்க்குக்குக் கட்டுப்பட்ட எல்லாப் பதிவுகளையும் சேர்த்து, எல்லோருக்கும் போதுமான அளவுக்கு அதை உயர்த்தும். சம்பளப் பட்டியல் முழு அலுவலகத்துக்கும் திறந்துவிட்டது. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அதைத் திரும்ப மூடி என்ன செய்வது?

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி இது: மூட வேண்டியதை மாஸ்க்கால் மூடாமல் பதிவால் மூடுகிறேன். சம்பளப் பட்டியலுக்குத் தனிக் கோப்பகம்; அதில் குழுவின் பதிவு ஜி::0. மாஸ்க் எவ்வளவு உயர்ந்தாலும் 0 என்பது 0 தான். மாஸ்க்கைத் தொடாமல் பதிவை மட்டும் சேர்க்க -என் என்ற தேர்வும் உண்டு. ஆனால் மாஸ்க் குறைவாக இருந்தால் நீங்கள் கொடுத்த அனுமதி அதற்குள் அடங்கிவிடும். ஆகவே அதைக் கெட்ஃபேக்ல் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.

7. ஓர் ஆள் எந்தப் பதிவில் நிற்கிறார்

கோப்பைத் திறக்கக் கேட்பவர் உரிமையாளரா என்று முதலில் பார்க்கப்படும். இல்லையென்றால் அவர் பெயரில் பதிவு உண்டா என்று பார்க்கப்படும். அதுவும் இல்லையென்றால் அவர் இருக்கும் குழுக்கள். கடைசியில்தான் மற்றவர். பொருந்தும் முதல் படியிலேயே முடிவு சொல்லப்படும். அடுத்த படிக்குப் போவதில்லை.

இதனால் வரும் விளைவுகள் இரண்டு. ஒருவர் பெயரில் 4 என்ற பதிவு இருந்து, அவர் 7 உள்ள குழுவிலும் இருந்தால், அவருக்குக் கிடைப்பது 4 மட்டுமே. பெயர்ப் பதிவு குழுவை மறைத்துவிடும். இதை நன்மையாகவும் பயன்படுத்தலாம்: குழுவில் இருக்கும் ஒருவரை மட்டும் ஒரு கோப்பகத்திலிருந்து விலக்க வேண்டுமென்றால் அவர் பெயரில் 0 எழுதினால் போதும்.

இரண்டாவது, குழுக்கள் பற்றியது. ஒருவர் பல குழுக்களில் இருந்தால் ஏதாவது ஒன்று அனுமதித்தால் போதும். ஆனால் கேட்கும் அனுமதி முழுவதும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். ஒரு குழுவில் 4, இன்னொரு குழுவில் 2 என்று பிரித்து வைத்தால், படிக்கவும் எழுதவும் ஒரே நேரத்தில் திறக்க முடியாது. இரண்டையும் கணினி கூட்டிப் பார்ப்பதில்லை.

8. நாளை வரும் கோப்புகளுக்கு இயல்புநிலைப் பதிவு

இதுவரை எழுதிய பதிவுகள் கோப்பகத்துக்கு மட்டும். நாளை அதற்குள் உருவாகும் கோப்புக்கு அவை போகாது. அதற்குத் தனியாக டீஃபால்ட் பதிவு எழுத வேண்டும் (இங்கே -டி என்பது டீஃபால்ட்டின் முதல் எழுத்து):

செட்ஃபேக்ல் -டி -எம் யு:தணிக்கை:5 /சர்வ்/ஆவணங்கள்/கணக்குகள்

செட்ஃபேக்ல் -டி -எம் யு:களம்:7 /சர்வ்/ஆவணங்கள்/ரசீதுகள்

பழைய கோப்புகளுக்குப் போகும் முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழையதை முதலில் முடித்துவிட்டு டீஃபால்ட்டுக்கு வந்தால், இடைப்பட்ட நேரத்தில் யாராவது போட்ட கோப்பு இரண்டிலும் சேராமல் நின்றுவிடும். அந்த ஒரு கோப்பைத்தான் தணிக்கை முதலில் கேட்பார்.

டீஃபால்ட் பதிவு கோப்பகத்துக்கு மட்டுமே உண்டு. அதனால் அந்தக் கோப்பகத்தின் மேலேயே யாருக்கும் உரிமை வந்துவிடாது. உள்ளே புதிதாகப் பிறப்பவற்றுக்கான அச்சு அது. டீஃபால்ட் மட்டும் எழுதிவிட்டு ஐந்தாம் படியை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டும். உள்ளே பிறக்கும் கோப்பகங்கள் டீஃபால்ட்டையும் சேர்த்தே பெறும். ஆகவே ஆழம் எவ்வளவு போனாலும் தொடரும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் துணைக் கோப்பகங்களுக்கு மட்டும் நீங்களே கொடுக்க வேண்டும்.

டீஃபால்ட் பதிவு இருக்கும் கோப்பகத்தில், புதிய கோப்புகளின் அனுமதியை வழக்கமாகக் குறைக்கும் யுமாஸ்க் என்ற அமைப்பு கணக்கில் வராது. கோப்பை உருவாக்கும் நிரல் கேட்ட அனுமதிதான் வரம்பு. வழக்கமான நிரல்கள் 666 என்று கேட்பதால், தணிக்கையின் 5 என்ற பதிவு கோப்பில் நடைமுறையில் 4 என்று தெரியும். அது கோளாறு அல்ல. கணக்குக் கோப்பை இயக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

எம்வி கட்டளையால் நகர்த்தப்படும் கோப்பு இந்த அச்சில் வார்க்கப்படாது. அது பழைய அனுமதியோடு இடம் மட்டும் மாறுகிறது. தன் ஹோமிலிருந்து ரசீதை நகர்த்திவிட்டு, 'போட்டுவிட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை' என்று களம் சொல்வது இதனால்தான். சிபி கொண்டு நகலெடுக்கச் சொல்லுங்கள். நகல் புதிதாகப் பிறப்பதால் அச்சு பொருந்தும். மூலக் கோப்பு 600 என்று இருந்தால் மட்டும் நகலின் மாஸ்க்கும் 0 ஆகிவிடும். ஆறாம் படியில் சொன்ன எம்::6 தேவைப்படும்.

9. ஏற்கெனவே இருக்கும் கோப்புகள்

செட்ஃபேக்ல் -ஆர் -எம் யு:தணிக்கை:ஆர்எக்ஸ் /சர்வ்/ஆவணங்கள்/கணக்குகள்

இங்கே மட்டும் எண் வேண்டாம். முதலில் வரும் தேர்வு பெரிய ஆர். அனுமதியில் வரும் ஆர் சிறியது, எக்ஸ் பெரியது. பெரிய எக்ஸ் என்றால், கோப்பகத்துக்கு நுழையும் அனுமதி கொடு, கோப்புக்கு ஏற்கெனவே யாருக்காவது இயக்கும் அனுமதி இருந்தால் மட்டும் கொடு என்று பொருள். 5 என்று எழுதியிருந்தால் ஆயிரக்கணக்கான பிடிஎஃப்களும் கணக்குத் தாள்களும் இயக்கத்தக்க கோப்புகளாக மாறியிருக்கும்.

துணைக் கோப்பகங்களுக்கு டீஃபால்ட்டும் வேண்டுமென்பதால், அதே வரியை -டி சேர்த்து இன்னொரு முறை கொடுங்கள். ரசீதுகளுக்கும் களத்துக்கும் இதே இரண்டு வரிகள், எழுதும் அனுமதியையும் சேர்த்து. கட்டளை கொடுக்கும் முன் ஆறாம் படியில் சொன்ன சம்பளப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பகத்துக்குள் யாராவது சிஎச்மாட்டால் மூடி வைத்திருக்கும் கோப்பு உண்டா என்று பார்த்துவிட்டே என்டரை அழுத்துங்கள்.

10. அவராகவே நுழைந்து பாருங்கள்

ரூட்டாக இருந்து சோதிப்பதில் பொருளில்லை; ரூட்டை இந்த அனுமதிகள் தடுப்பதில்லை. அந்தப் பயனராகவே சோதியுங்கள்:

சூடோ -யு தணிக்கை எல்எஸ் /சர்வ்/ஆவணங்கள்/கணக்குகள்

பிறகு ஒரு கோப்பைப் படித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், செய்யக் கூடாததைச் செய்து பார்ப்பது. தணிக்கையாக நின்று ஒரு புதிய கோப்பை உருவாக்க முயலுங்கள், மறுக்க வேண்டும். களமாக நின்று கணக்குகளைத் திறக்க முயலுங்கள், மறுக்க வேண்டும். தாளில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோதனை. திறக்க வேண்டியது திறந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். மூடியிருக்க வேண்டியது மூடியிருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

குழுவில் புதிதாகச் சேர்த்தவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் குழு அனுமதி கிடைக்கும். பெயர்ப் பதிவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எழுதிய உடனே நடைமுறைக்கு வரும்.

11. வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்

செட்ஃபேக்ல் -ஆர் -எக்ஸ் யு:தணிக்கை /சர்வ்/ஆவணங்கள்/கணக்குகள்

இதில் எக்ஸ் சிறியது. எடுக்கும்போது அனுமதி எண் எழுதக் கூடாது, பெயரோடு நிறுத்துங்கள். -டி சேர்த்து டீஃபால்ட்டிலிருந்தும் எடுங்கள். நான்காம் படியில் மேலே திறந்த வழியையும் மூடுங்கள். -பி (மூன்றாம் படியின் பி அல்ல, ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து) என்ற தேர்வு எல்லாக் கூடுதல் பதிவுகளையும் ஒரேயடியாகத் துடைத்துவிடும். களத்தின் பதிவும் அதோடு போய்விடும். அவசரத்தில் அதை எடுக்காதீர்கள்.

அனுமதி கோப்பைத் திறக்கும் நேரத்தில் மட்டுமே பார்க்கப்படுகிறது. நீங்கள் பதிவை எடுக்கும்போது அவர் ஏற்கெனவே ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அதை மூடும் வரை படித்துக்கொண்டே இருக்கலாம்.

பயனர் கணக்கையே நீக்குவதாக இருந்தால், ஏசிஎல் பதிவுகளை எடுத்த பிறகு கணக்கை நீக்குங்கள். பதிவுகளில் உண்மையில் இருப்பது பெயரல்ல, பயனர் எண். கணக்கு போன பின்னும் எண் கோப்புகளில் தங்கிவிடும். அதே எண் நாளை வேறொருவருக்குக் கிடைத்தால், அவர் கேட்காமலேயே கணக்குகள் அவருக்குத் திறக்கும். கெட்ஃபேக்ல் -ஆர் -எஸ் கொடுத்தால் கூடுதல் பதிவு உள்ளவை மட்டும் வரும். அதில் பெயருக்குப் பதில் வெறும் எண் தெரிந்தால் அது பழைய ஆளின் மிச்சம்.

12. காப்புப் பிரதியில் அனுமதியும் வர வேண்டும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தரைத்தளத்தில் இருந்த ஓர் அலுவலகத்தின் கோப்புகளை அவசரமாக எக்ஸ்ஃபேட் வட்டில் நகலெடுத்து மாடிக்குக் கொண்டுபோனோம். கோப்புகள் அனைத்தும் பிழைத்தன. திரும்ப வைத்தபோது உரிமையாளர், குழு, ஏசிஎல் எதுவும் இல்லை. யாருக்கு எது என்பதை நினைவிலிருந்தே மீண்டும் எழுத வேண்டியிருந்தது. அதற்கு எடுத்த நாள்கள், கோப்புகளைக் காப்பாற்ற எடுத்த நாள்களைவிட அதிகம்.

கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் டார் கட்டளையைப் பயன்படுத்தினால் --ஏசிஎல்எஸ் என்ற தேர்வைக் கட்டும்போதும் பிரிக்கும்போதும் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் போதாது. இரண்டு இடங்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளை என்றால் பெரிய ஏ. -ஏ என்ற சிறிய எழுத்துத் தேர்வு தனியாக ஏசிஎல்லைக் கொண்டுபோகாது. இதில் ஏமாறுபவர்கள் மிக அதிகம். சிபி கட்டளையில் மட்டும் சிறிய ஏ போதும்.

இவை தவிர, மூன்றாம் படியின் கெட்ஃபேக்ல் வரியை வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி கிரான் அட்டவணையில் போட்டு, அந்தக் கோப்பையும் காப்புப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். அது வெறும் உரைக் கோப்பு. எந்த வட்டில் வைத்தாலும் எதுவும் இழக்காது, எக்ஸ்ஃபேட்டிலும் கூட.

13. லினக்ஸ் அல்லாத அமைப்புகள்

மேக் கணினியில் செட்ஃபேக்ல் கிடையாது. அங்கே சிஎச்மாட் +ஏ என்று எழுத வேண்டும். பார்ப்பதற்கு எல்எஸ் -எல்ஈ. அங்கே அனுமதி, மறுப்பு என்று இருவகைப் பதிவுகள் உண்டு, மாஸ்க் கிடையாது. ஆகவே ஆறாம் படியை அங்கே எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஃப்ரீபிஎஸ்டியில் யுஎஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் முதலில் டியூன்எஃப்எஸ் கட்டளையால் ஏசிஎல்லை இயக்க வேண்டும். அதன் பிறகு இங்கே சொன்ன முறை பெரும்பாலும் பொருந்தும். இசட்எஃப்எஸ் என்றால் கட்டளையின் பெயர் அதே செட்ஃபேக்ல்தான், ஆனால் பதிவின் வடிவம் முற்றிலும் வேறு. மேக்கின் முறைக்கு நெருக்கமானது. அங்கே இந்த வரிகளை அப்படியே அடிக்காமல், அந்த அமைப்பின் கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் படியில் போட்ட தாள் மட்டும் எங்கும் அப்படியே செல்லும்.